அப்பம் ஆகாதவர்கள்



இந்த வாரம் வழக்கமான தியானத்துக்குப் பதிலாக ஒரு வரலாற்றை உங்களுக்கு எழுதுகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன்.

தகப்பனாரின் வேலை நிமித்தம் பல ஆண்டுகள் அரியானாவில் வாழ்ந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பி நம் சபையில் சேர்ந்தது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். திடப்படுத்தல் பெற்ற பிள்ளை. அவர்கள் பங்கெடுக்க இருந்த முதல் திருவிருந்து ஆராதனைக்கு முன் தாயார் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. ஒரு துகள்கூட ஆகாது. அப்பத்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே, "நகக்கண் அளவு அப்பம் என்னம்மா செய்துவிடும்? விசுவாசத்தோடு வரச் சொல்லுங்கள்" என்றேன். போதகர் சொன்னாரே என்று அந்தப் பிள்ளை வந்தாள், வாங்கினாள், புசித்தாள். அன்று பிற்பகலில் தொடங்கிய வயிற்று நோவும் வாந்தியும் மூன்று நாள் நீடித்தன என்பதை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆறு மாதமும் திருவிருந்தின்போது அவள் இருக்கையைவிட்டு எழவில்லை. படித்த பிள்ளைகளின் விசுவாசம் இப்படித்தான் குளிர்ந்துபோகிறது என்று எனக்குள்ளே நான் முடிவு கட்டியிருந்தேன். ஒரு வீடு சந்திப்பின்போது உண்மை தெரிய வந்தது. அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை மாவைப் பிசையும்போது இழுவையைக் கொடுக்கும் புரதத்தைக் குளூட்டன் என்கிறார்கள். சப்பாத்தி கிழியாமல் விரிவதும் பரோட்டா வீச வீச நீள்வதும் அதனால்தான். இந்த நோய் உள்ளவர்களின் உடலில் குளூட்டன் சேர்ந்தால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்கே உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற அமைப்புகள் உண்டு. அவை தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. பிள்ளைகள் வளர்வதில்லை, பெரியவர்களுக்கு இரத்தசோகை வருகிறது, எலும்பு மெலிகிறது. இது அஜீரணமும் அன்று, மனப்பிராந்தியும் அன்று. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதொன்றே வழி.

இதைக் கண்டுகொள்ள மனிதர் எத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள் என்று தேடப் போனவன், ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பின்னே சென்று நின்றேன்.

பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலிலும், பேதுருவின் முதலாம் நிருபத்தின் தொடக்கத்திலும் கப்பத்தோக்கியா என்ற நாட்டின் பெயரை வாசித்திருப்பீர்கள். அந்த நாட்டில் பிறந்த அரேத்தேயு என்ற கிரேக்க மருத்துவர், உண்ட உணவு செரிக்காமல் வெளியேறி, உடல் வற்றிப்போகும் நீண்டகால நோயாளிகளைப் பற்றி எழுதி, அவர்களைக் 'கொய்லியாகோஸ்' என்று அழைத்தார். வயிற்று நோயாளர் என்று பொருள். கொய்லியா என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலும் உண்டு. லூக்கா முதலாம் அதிகாரத்தில் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதைச் சொல்லும் இடத்தில் வருவது அதுவே. யோவான் ஏழாம் அதிகாரத்தில் ஜீவத்தண்ணீரைப் பற்றிய இடத்திலும் அதே சொல்தான்; நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே 'உள்ளம்' என்று பெயர்த்தார்கள். இறையியல் கல்லூரியில் இந்தச் சொல்லைப் பாடமாகப் படித்தபோது, இதிலிருந்து ஒரு நோயின் பெயர் பிறந்திருக்கிறது என்று நான் அறியவில்லை.

பண்டைய காலத்துச் சாட்சி இன்னொன்று மண்ணுக்குள் இருந்தது. இத்தாலியின் மேற்குக் கடற்கரையில், கோசா என்ற பண்டைய ரோம நகரின் இடிபாடுகளில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. இறக்கும்போது வயது இருபதுக்குள். கல்லறையிலிருந்த அணிகலன்கள் செல்வக் குடும்பத்துப் பெண் என்று காட்டின. எலும்புகளோ பட்டினி கிடந்தவளின் எலும்புகளாயிருந்தன. பின்னர் நடந்த மரபணு ஆய்வில், சீலியாக் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு அவளிடம் இருந்தது தெரிந்தது. பவுல் ரோமாபுரியாருக்கு நிருபம் எழுதிய அதே நூற்றாண்டு. நிறைந்த பந்தியில் உட்கார்ந்து உண்டு உண்டு மெலிந்த பெண் அவள். பெற்றோர் எத்தனை கோவில்களுக்கு அழைத்துச் சென்றார்களோ!

அதன்பின் நெடுங்காலம் கடந்து, இலண்டன் நகரின் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவோம். அங்கே 1887-இல் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்நோயைக் குறித்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அது அடுத்த ஆண்டு அச்சேறியது. நோயாளி குணமாவது கூடுமானால் உணவினாலேயே கூடும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். எந்த உணவு என்பதில்தான் இடறினார். அரிசியும் சவ்வரிசியும் ஆகாதென்று விலக்கினார். மெல்லிதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார்! சோற்றை விலக்கி ரொட்டியைக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்கவே சங்கடமாயிருக்கிறது. அவரே இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பிள்ளைக்கு நாள்தோறும் ஒல்லாந்து நாட்டுச் சிப்பி இறைச்சியை வயிறாரக் கொடுத்தார்கள்; பிள்ளை தேறியது. சிப்பிக் காலம் முடிந்ததும் நோய் திரும்பியது. மறு ஆண்டு சிப்பி வந்தபோது பிள்ளை அதைத் தொட மறுத்துவிட்டது. சிப்பியால் நிறைந்த வயிற்றில் ரொட்டிக்கு இடமில்லாமல் போனதே காரணமாயிருக்க வேண்டும். விடை அவர் கண்முன் இருந்தது.

நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழ உணவை முன்வைத்தார். ரொட்டியையும் தானியங்களையும் விலக்கிவிட்டு வாழைப்பழத்தைக் கொடுத்ததில் பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தது வாழைப்பழம் என்றே உலகம் நம்பிற்று. ஆகவே 'குணமான' பிள்ளைகள் மீண்டும் ரொட்டிக்குத் திரும்பினார்கள்.

இனி வருகிறவரைக் குறித்துச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நெதர்லாந்தில் 1905-இல் பிறந்த வில்லெம் கரெல் டிக்கே, 31-ஆம் வயதிலேயே, 1936-இல், தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைவரானவர். இவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. இரயில்வே வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க ஜெர்மானியர் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தார்கள். கால்வாய்கள் உறைந்தன. மக்கள் துலிப் பூவின் கிழங்கையும் சர்க்கரைக்கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். 20,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஊரெல்லாம் வாடிய அந்நாட்களில், மருத்துவமனையில் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி இல்லாததே காரணம் என்று டிக்கே கண்டுகொண்டார்.

பஞ்சத்தின் நடுவே பிழைத்த பிள்ளைகள்! பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா? நானும் மகிழ்ந்துதான் குறித்து வைத்தேன். ஆனால் மேலும் வாசித்தபோது, வரலாறு அத்தனை நேராக ஓடவில்லை என்று தெரிந்தது. பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்னரே, 1934-க்கும் 1936-க்கும் இடையில், டிக்கே கோதுமையில்லா உணவைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார். 1941-இல், போரின் நடுவே, ஒல்லாந்து மருத்துவ இதழில் அதைக் குறித்து எழுதியும் விட்டார். பசிக் குளிர்காலம் அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தியது, அதைத் தோற்றுவிக்கவில்லை. தோற்றுவித்தவர் ஒரு தாய். ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளைக்கு நலமாகிறது, மீண்டும் கொடுத்தால் கெடுகிறது என்று அந்த இளம் தாய் டிக்கேயிடம் சொன்னதாக, அவரோடு பணியாற்றியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தாயின் பெயர் எங்கும் காணப்படவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். ரொட்டி ஐரோப்பியரின் அன்றாட ஆகாரம். கர்த்தருடைய ஜெபத்திலேயே இடம் பெற்றது. நோயாளிக்கு முதலில் கொடுப்பதும் அதுவே. பெரிய மருத்துவர்கள் வாட்டிய ரொட்டி நல்லது என்று எழுதி வைத்திருந்தார்கள். டிக்கே சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தார். ஒரே பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்தியும் கொடுத்தும், உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கணக்கில் குறித்துக் கோடு வரைந்தார். கோதுமையும், ஐரோப்பாவில் விளையும் ரை என்ற தானியமும் கெடுதி செய்தன. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவு கெடுதி செய்யவில்லை. 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். வான் டி காமர் என்ற வேதியியலாளர், மலத்தில் வீணாகும் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டு அவருக்குத் துணைநின்றார். வெயர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் மூன்றாமவர். இங்கிலாந்தில் பர்மிங்காம் மருத்துவர்கள் கோதுமை மாவைக் கழுவிப் பிரித்துப் பார்த்து, கழுவி எடுத்த மாச்சத்து தீங்கற்றது, மிஞ்சும் குளூட்டனே தீங்கு என்று 1952-இல் எழுதினார்கள். டிக்கே 1962-இல் காலமானார்.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் திசுவை எடுத்துப் பார்க்கும் முறை 1950-களின் நடுவில் வந்தது. எதிர்ப்பு ஆற்றல் தாக்குவது உடலின் எந்த நொதியை என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1997-இல் கண்டறிந்தார்கள். அதிலிருந்து இன்றைய எளிய இரத்தப் பரிசோதனை வந்தது. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது தங்கள் பிள்ளையைக் குறித்து ஐயம் எழுந்தால், பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

"இதெல்லாம் வடநாட்டு நோய், சோறு தின்னும் நமக்கென்ன?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முற்றிலும் தவறான கேள்வியன்று. அரியானா பகுதி, அசாம், நம் வேலூர் ஆகிய இடங்களில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. வடக்கே ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய். தெற்கே மிக அரிது. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை ஏறத்தாழ 450 கிராம். தெற்கே 25 கிராம். இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கென்று இரவில் சப்பாத்தி, பிள்ளைகளுக்கு மைதா பிஸ்கட், ஊருக்கு ஊர் பரோட்டாக் கடை. அந்த 25 கிராம் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சோற்று நாட்டில் வாழ்வது எளிதுதானே என்று நானும் நினைத்தேன். அந்தத் தாயாரின் அடுப்பங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோது என் எண்ணம் மாறியது. நம் சாம்பாரிலும் இரசத்திலும் இடும் பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பது தனிப் பிசின் அன்று. அதில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பது வழக்கம். டப்பியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மாவு மில்லில் நம் அரிசிக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். ஆகவே அந்த வீட்டில் மிக்ஸியிலேயே அரைக்கிறார்கள். உணவகத்தில் வெறும் தோசை கேட்டாலும், அதே கல்லில் சற்று முன் ரவா தோசை வார்த்திருப்பார்கள். பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் பொரியும். பாயசத்தில் சேமியா. மால்ட் கலந்த பானங்களில் வாற்கோதுமை. அதிலும் குளூட்டன் வகை உண்டு. ஒரு பையனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களால் ஐயாயிரம் பேர் திருப்தியடைந்த அந்தப் புல்வெளியிலும் இப்பிள்ளை மீனை மாத்திரம் வாங்கியிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்ற அன்பான வற்புறுத்தலுக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை இப்போதெல்லாம், "சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிடுகிறாளாம். நம் கிறிஸ்துமஸ் கேக்கின்போது என்னிடமும் அதையே சொன்னாள். நானும் நம்பினேன்.

'கொஞ்சம்' என்பதற்கும் கணக்கு உண்டு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்ட நோயாளிகளின் குடற்சுவர் பழுதடைவதை இத்தாலிய மருத்துவர்கள் 2007-இல் காட்டினார்கள். ஒரு கிராம் ரொட்டியிலேயே ஏறத்தாழ அந்த அளவு அடங்கிவிடும். குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவுப்பொருளின் மேல் அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. நகக்கண் அளவு என்று நான் சிரித்தேனே, அது இந்தக் கணக்கில் பெரிய துண்டு.

திருவிருந்து மேசைக்கு வருவோம். இதில் திருச்சபையின் வரலாறு நீளமானது. புளித்த அப்பமா, புளிப்பில்லா அப்பமா என்ற வாதம் 1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இரு தரப்பாரும் ஒத்துக்கொண்டது, அது கோதுமையாயிருக்க வேண்டும் என்பதை. கத்தோலிக்க சபைச் சட்டம் இன்றும் அதையே சொல்கிறது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று ரோமாபுரி 2003-இல் விளக்கி, 2017-இல் மீண்டும் நினைவூட்டியது. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல நம்மில் சிலர் அவசரப்படலாம். எனக்கோ வேறொன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கிளைடு என்ற சிற்றூரின் பெனடிக்டின் கன்னியர், அந்தச் சட்டத்துக்குள்ளேயே நின்று பத்தாண்டுக்கு மேல் முயன்று, 0.01 விழுக்காடு மட்டுமே குளூட்டன் உள்ள அப்பத்தைச் சுட்டுக் காட்டினார்கள். கோதுமை மாச்சத்தும் தண்ணீரும் மாத்திரம். எத்தனை முறை கருகியதோ, எத்தனை முறை உடைந்து உதிர்ந்ததோ. சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இல்லாத நான், ஒரு நிமிடம் நின்று கேட்காமல் போனேன். கொரிந்து சபையில் சிலர் முந்தி உண்டு, சிலர் பசியாயிருந்த பந்தியைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான்.

சென்ற வாரம் சபை மூப்பர்களோடு கூடிப் பேசினோம். வரும் மாதத்திலிருந்து அந்தத் தாயார் தம் வீட்டில் சுடும் அரிசி அப்பம் மூடியுள்ள சிறு கிண்ணத்தில் தனியே வைக்கப்படும். என் விரல்கள் கோதுமை அப்பத்தைத் தொடுமுன்பே அது கொடுக்கப்படும். மற்றவர்கள் அப்பத்தைத் தோய்க்கும் பாத்திரத்தில் துகள் விழும் என்பதால் திராட்சரசத்துக்கும் தனிக் கிண்ணம். இவளுக்கு மட்டும் என்றால் கூச்சப்படுவாளே என்று ஒரு மூப்பர் கேட்டார். அதனால் முதல் பந்திக்கு வரும் எல்லாருக்கும் அரிசி அப்பமே என்று தீர்மானித்தோம். எந்த அப்பம் சரி என்று வாதிக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் என்னிடம் வாருங்கள், பேசுவோம்.

அசனத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. சமையலை முப்பது ஆண்டுகளாக மேற்பார்க்கும் நம் அண்ணாச்சியிடம் பெருங்காய விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஆயிரம் பேர் உண்ணும் சாம்பார் அது. அவர் சற்று நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கென்ன ஐயா, காயம் வேண்டாம். பூண்டைக் கூட்டிப் போட்டுத் தாளிச்சிருவோம்" என்றார்.